தாருக்கும் ஜீப்புக்கும் ஏர் கம்ப்ரசர்: வேலூர் வெயிலில் எது தாங்கும்?

காட்பாடியில் இருக்கும் என் சித்தப்பா மகன் மஹிந்திரா தார் ஜீப் எடுத்தான். வண்டி வந்த இரண்டாவது வாரமே போன். "அண்ணா, ஜவ்வாது மலைப் பக்கம் போற பசங்க எல்லாரும் வண்டியிலயே கம்ப்ரசர் ஃபிட் பண்ணியிருக்காங்க. நானும் பண்ணிடட்டுமா? இல்ல, ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒண்ணு கிடைக்குதே, அதுவே போதுமா?"

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் இப்போது அதிகம். போனில் அரைகுறையாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் ஒருமுறை முழுசாக எழுதிவிடுகிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. சாலையில் 32 பிஎஸ்ஐ (டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தின் அளவு) வைத்து ஓட்டும் டயரோடு மணலில் இறங்கினால், டயர் மணலை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். 16, 18 என்று குறைத்தால் அதே டயர் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும், எடை பரவும், வண்டி மணல் மேலேயே போகும். கல் பாதைக்கு 22 முதல் 24 வரை போதும்; டயர் கல்லைக் கவ்வும், நம் இடுப்பும் பிழைக்கும். 12-க்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம், அந்த விளையாட்டு வேண்டாம். காற்றை இறக்குவது ஐந்து நிமிட வேலை. சிக்கல் திரும்பி வரும்போதுதான். இறக்கிய காற்றோடு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் 80-ல் போனால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, கடைசியில் கிழிந்துவிடும். மண் பாதை முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்திலேயே காற்றை ஏற்றியாக வேண்டும். அங்கே பங்க் இருக்காது.

## எதை வைத்து எடை போடுவது?

கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரிய எழுத்தில் 150 பிஎஸ்ஐ என்று இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நமக்கு வேண்டியது 32. சைக்கிள் பம்பும் அந்த 32-ஐத் தரும், பொறுமை இருந்தால். கேட்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வரும் என்பதை. அதிலும் வெறும் ஹோஸில் வரும் அளவைச் சொல்லாமல், 30 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்கும்போது எவ்வளவு வருகிறது என்று சொல்ல வேண்டும். சின்ன கம்ப்ரசர்களில் இரண்டுக்கும் நடுவே பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 245/75 ஆர்16 டயருக்குள் சுமார் 65 லிட்டர் இடம் இருக்கிறது. 18-லிருந்து 32-க்கு ஏற்றுவது என்றால் 14 பிஎஸ்ஐ கூட வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தமே 14.7 என்பதால், டயர் கொள்ளளவுக்குக் கொஞ்சம் குறைவாக, 60 லிட்டருக்குச் சற்று மேல் வெளிக்காற்றை உள்ளே திணிக்க வேண்டும். நான்கு டயருக்கு 250 லிட்டர். மாருதி ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் சின்னது, அதற்கு இதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். இனி எந்தக் கம்ப்ரசரைப் பார்த்தாலும் இந்த 250-ஐ அதன் நிமிட அளவால் வகுத்துப் பாருங்கள். ஹோஸ், வால்வு முள் எல்லாவற்றிலும் தடை உண்டு, ஆகவே வரும் விடையை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சூடு. நம் ஊரில் இதுதான் தலைமைப் பிரச்சினை. வேலூரை வெயிலூர் என்று கிண்டல் செய்வது சும்மா இல்லை. மே மாதம் 40 டிகிரி சாதாரணம். காற்றை அமுக்கினாலே சூடாகும். 40 டிகிரிக் காற்றை 32 பிஎஸ்ஐ-க்கு ஒரே மூச்சில் அமுக்கினால் கணக்குப்படி அது 150 டிகிரியைத் தாண்டும். கம்ப்ரசர்களில் 'ட்யூட்டி சைக்கிள்' என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். 50 சதவீதம் என்றால் ஓடிய நேரத்துக்குச் சமமான நேரம் ஓய்வு. அந்தச் சதவீதத்தைப் பெரும்பாலும் 22 டிகிரி அறை வெப்பத்தில்தான் அளக்கிறார்கள். நம் ஊரில் 22 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை. யாரும் அந்த நேரத்தில் மண் பாதை முடித்துத் திரும்புவதில்லை.

மூன்றாவது, கரண்ட். எத்தனை ஆம்பியர் இழுக்கும், அதை எந்த வழியாக எடுக்கிறோம் என்பது. நான்காவது, தண்ணீரும் தூசியும். ஐந்தாவது, கெட்டுப்போனால் ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ கழற்றிப் பார்க்க ஆள் இருக்கிறதா என்பது. பணம் கடைசி. முந்திய ஐந்தும் சேர்ந்துதான் உண்மையான விலை.

## பங்க்கையும் பஞ்சர் கடையையும் நம்புவது

இதையும் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை ஏலகிரி, அதுவும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் நல்ல தார் ரோட்டில் என்றால் காற்றை இறக்கவே தேவையில்லை. காவலூர் வானோக்குக் கூடம் வரைக்கும்கூட ரோடு உண்டு. அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல ஏர் கேஜ் மட்டும் போதும். பங்க் மீட்டரும் பஞ்சர் கடை மீட்டரும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

மண் பாதையில் லேசாக இறக்கினாலும், 24-க்குக் குறையாமல் வைத்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் உருட்டிக்கொண்டு கீழே வந்துவிடலாம். மாலை ஏழு மணிக்கு மேல் பஞ்சர் கடை அடைத்திருக்கும் என்பதுதான் இதில் மறைந்திருக்கும் செலவு.

## லைட்டர் சாக்கெட்டில் சொருகுவது

விலை இரண்டாயிரம், மூவாயிரம். கையடக்கம். காலையில் ஒரு டயரில் 27 காட்டினால் 32 ஆக்கிக்கொள்ள இதைவிட வசதியானது இல்லை. இதை வாங்க வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். மண் பாதைக்கு இதையே நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் அந்தச் சாக்கெட்டின் ஃபியூஸ். பெரும்பாலான வண்டிகளில் 10 அல்லது 15 ஆம்பியர்தான். அதற்குள் அடங்கும் மோட்டார் 30 பிஎஸ்ஐ எதிர்ப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தந்தால் பெரிது. நம் 250-ஐ வகுத்துப் பாருங்கள்: ஓடும் நேரம் மட்டும் 17 நிமிடம், தடையைச் சேர்த்தால் 25. நடுவில் ஆறவிட வேண்டும் என்பதால் முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன்பு, மே மாதம், ஒடுகத்தூர் பக்கம் ஒரு புளியமரத்தடி. மூன்றாவது டயர் 26-ஐத் தொட்டிருக்கும், பிளாஸ்டிக் கருகும் வாசனை. கம்ப்ரசரைத் தொட்டேன், சூடுதான், ஆனால் புகையவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் சாக்கெட்டில் சொருகிய முனை இளகி, நடுவில் இருக்கும் ஊசி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பிடுங்கினால் பாதி கையோடு வந்தது, மீதி சாக்கெட்டுக்குள்ளேயே. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஆரம்பத்திலிருந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, வீட்ல சைக்கிள் பம்பு இருக்குது, எடுத்தாரட்டுமா?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். வாங்கிக்கொண்டேன். நாலாவது டயருக்கு அவர் பேரனும் நானும் மாற்றி மாற்றி அடித்தோம்.

ஃபியூஸ் போகும் என்று எதிர்பார்த்திருந்தேன். போகவில்லை. முனைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே பிடிப்பு தளர்ந்தால் அந்த இடம் மட்டும் கொதிக்கும், ஃபியூஸுக்கு அது தெரியாது.

## பேட்டரியில் கிளிப் மாட்டுவது

முதலை வாய் போன்ற இரண்டு கிளிப். பானட்டைத் திறந்து நேராக பேட்டரியில் கவ்வ வைப்பது. சாக்கெட் நடுவில் இல்லாததால் 20, 30 ஆம்பியர் வரை இழுக்கும் பெரிய மோட்டார் வைக்கலாம். இரட்டை பிஸ்டன் வைத்தவற்றில் நிஜமாகவே நிமிடத்துக்கு 40 லிட்டர் பக்கம் வரும். நான்கு டயருக்கும் சேர்த்து, ஹோஸை இழுத்துக்கொண்டு சுற்றி வரும் நேரத்தோடு, கால் மணி நேரம்.

என் கணக்கில் நம் பகுதியில் பத்தில் ஏழு பேருக்கு இதுவே சரியான விடை. வண்டியில் ஒரு வயரைக்கூட வெட்டுவதில்லை, அதனால் வாரன்டி பேச்சே எழாது. வண்டியை விற்றால் கம்ப்ரசர் நம்மோடு வரும். மாமனார் வீட்டு பொலீரோவுக்கும் உதவும். கெட்டால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பையோடு கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

குறைகள் சின்னவை, ஆனால் எரிச்சலூட்டுபவை. டிக்கியில் சாமானுக்கு அடியில் கிடக்கும், எல்லாவற்றையும் இறக்கித்தான் எடுக்க வேண்டும். ஓடும்போது அதிர்ந்து அதிர்ந்து மண்ணில் நகரும். அதன் காற்று வடிகட்டி தரையோடு இருப்பதால் புழுதியை உறிஞ்சும். ஒரு ரப்பர் மேட் போட்டு அதன்மேல் வையுங்கள். கைப்பிடி ஆறும் வரை தொடாதீர்கள், தோல் உரியும். கிளிப்பை மாற்றி மாட்டும் ஆபத்தும் உண்டு, குறிப்பாக இருட்டில். இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில், கைபிரேக் போட்டுத்தான் காற்று அடிக்க வேண்டும். பேட்டரியில் மட்டும் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் மெதுவாகும், கடைசியில் வண்டியும் ஸ்டார்ட் ஆகாது.

## வண்டியோடு பொருத்தும் எலெக்ட்ரிக் கம்ப்ரசர்

இப்போது தம்பி கேட்டதற்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்ப்ரசர்கள் இதில் பெயர் பெற்றவை. அவர்களுடைய ஒற்றை மோட்டார் மாடல் 29 பிஎஸ்ஐ எதிர்ப்பில் நிமிடத்துக்கு 60 லிட்டர் சொச்சம் தரும், 50 சதவீத ட்யூட்டி. இரட்டை மோட்டார் அதைப்போல் இருமடங்குக்கு மேல், 130 லிட்டர் பக்கம். நிறுத்தாமல் ஓடும் என்றே சொல்கிறார்கள். ஸ்விட்சைத் தட்டினால் போதும். டிக்கியைக் குடைய வேண்டாம், மழையில் பானட்டைத் திறக்க வேண்டாம். நாலு வண்டி கூட்டமாகப் போய்த் திரும்பும்போது இந்த வண்டிக்காரருக்குத்தான் மரியாதை.

ஆனால் கம்ப்ரசருக்குக் கொடுத்த பணம் பாதிக் கதைதான். மீதி வயரிங்கில் இருக்கிறது, அங்கேதான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

30 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் பின்னால் வைக்கிறோம். போக மூன்று, வர மூன்று, மொத்தம் ஆறு மீட்டர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் வழியிலேயே ஒன்றேகால் வோல்ட் தின்றுவிடும். அதே வழியில் 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட், 10 போட்டால் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல். மெல்லிய வயரில் மோட்டார் திணறும், காற்று குறையும், வயரும் சூடாகும். இரட்டை மோட்டார் உச்சத்தில் 70 ஆம்பியரை நெருங்கும். அதற்கு 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்து யோசிக்கவே கூடாது. இவ்வளவு தடித்த, சூடு தாங்கும் வயர் விலை சும்மா வராது.

வேலைக்கு விடும்போது எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே நின்று நான்கைப் பாருங்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கம்ப்ரசர் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் உரசிப் பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கும், ஃபியூஸ் வேடிக்கை பார்க்கும். பெரிய கரண்ட் ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வழியாகப் போக வேண்டும், டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகப் போகக் கூடாது. எர்த் வயரைப் பெயின்ட் மேல் முறுக்கி விட்டுவிடாமல் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோக வேண்டும். இரும்புத் தகட்டைத் துளைத்து வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். என் நண்பர் ஒருவரின் வண்டியில் இந்தக் கடைசி ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆறு மாதத்தில் வயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. பார்த்தது அதிர்ஷ்டம்.

எங்கே பொருத்துவது என்பதிலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வில்லங்கம். பானட்டுக்குள் வைத்தால் பேட்டரி பக்கம், வயர் குறைவு. ஆனால் மலை இறங்கி வந்து நிற்கும் இன்ஜினின் சூட்டிலேயே அது வேக ஆரம்பிக்கும், ட்யூட்டி சைக்கிள் இன்னும் சுருங்கும். சீட்டுக்கு அடியில் வைத்தால் குளிர்ச்சி, தண்ணீர் பயமில்லை, சத்தம் காதுக்குள்ளேயே. வண்டிக்கு அடியில் சேசிஸில் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஓடையைக் கடக்கும்போது நனையும், கல்லடி படும். எங்கே வைத்தாலும் காற்று இழுக்கும் வாயை ஒரு குழாய் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் முதல் ஒரு முழம் ஹோஸ் ஸ்டீல் பின்னல் போட்டதாக இருக்கட்டும். டேங்க்குக்காக 100 பிஎஸ்ஐ வரை அமுக்கும்போது அங்கே வரும் காற்று 200 டிகிரியைத் தாண்டக்கூடியது, சாதாரண பிளாஸ்டிக் ஹோஸ் கொழகொழவென்று ஆகிவிடும்.

டேங்க் வேண்டுமா என்று கேட்பார்கள். டயருக்கு மட்டும் என்றால் வேண்டாம். நாலு லிட்டர் டேங்க்கில் 120 பிஎஸ்ஐ ஏற்றி வைத்தாலும் அது ஒரு டயருக்குப் பாதிகூடக் காணாது. அதை நிரப்பவும் அதே மோட்டார்தான் உழைக்க வேண்டும். ரிம்மை விட்டு இறங்கிய டயரை ஒரே வீச்சில் திரும்ப உட்கார வைக்கவோ, நட்டு கழற்றும் ஏர் கன்னுக்கோ டேங்க் உதவும். அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்க மறந்தால் துரு. ஏர் லாக்கர் (இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்படி காற்றழுத்தத்தால் பூட்டும் அமைப்பு) போட்டவர்களுக்குப் பொருத்திய கம்ப்ரசர் கட்டாயம், அதில் விவாதமே இல்லை. ஆனால் தாரின் சில மாடல்களில் கம்பெனியே மெக்கானிக்கல் லாக்கர் தருகிறது, அதற்குக் காற்று வேண்டாம்.

## இன்ஜின் பெல்ட்டில் ஓடுவது

மேஜர், எம்எம்540 போன்ற பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களின் வழி. ஏசி இல்லாத அந்த ஜீப்புகளில் பானட்டுக்குள் குடியிருக்கவே இடம் உண்டு. சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் ஏசி கம்ப்ரசர் ஒன்றை எடுத்து, லேத் பட்டறையில் பிராக்கெட் செய்து பெல்ட் மாட்டிவிடுவார்கள். காற்று அருவி மாதிரி கொட்டும். கரண்ட் கிளட்ச்சுக்கு மட்டும், நாலு ஆம்பியர் பக்கம். நிறுத்தாமல் ஓடும்.

வில்லங்கம் எண்ணெயில். பெரும்பாலான கார் ஏசி கம்ப்ரசர்களுக்கு மசகு எண்ணெய் கேஸோடு கலந்து சுற்றி வந்துதான் கிடைக்கும். வெறும் காற்றை இழுக்க வைத்தால் அந்த எண்ணெய் வருவதில்லை. நாமே சொட்டு சொட்டாகக் கொடுக்க வேண்டும்; கொடுத்த எண்ணெய் டயருக்குள் போகாமல் பிரித்தெடுக்கவும் வேண்டும். அழுத்தம் எல்லை மீறாமலிருக்க பிரஷர் ஸ்விட்ச்சும் சேஃப்டி வால்வும் கட்டாயம். பெல்ட் ஒரு நூல் கோணினாலும் கீச் கீச். கையில் கிரீஸ் படுவது பிடித்தவர்களுக்குச் சொர்க்கம், மற்றவர்களுக்குத் தலைவலி. புது வண்டியில் இதை நினைக்கவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | லைட்டர் சாக்கெட் | பேட்டரி கிளிப் | பொருத்திய எலெக்ட்ரிக் | இன்ஜின் பெல்ட் |
|---|---|---|---|---|
| நான்கு டயர், 18-லிருந்து 32 | முக்கால் மணி | கால் மணி | 5 முதல் 10 நிமிடம் | 5 நிமிடம் பக்கம் |
| மே மாத வெயிலில் | நடுவில் நிற்கும் | ஒரு வண்டிக்குத் தாங்கும் | ஒற்றை: இரண்டு வண்டி, இரட்டை: கூட்டத்துக்கே | கவலை இல்லை |
| கரண்ட் | 10 ஆம்பியர் பக்கம் | 20–30 | 30–70 | 4 |
| வண்டியில் கை வைப்பது | இல்லை | இல்லை | ஒரு நாள் வேலை | பட்டறை வேலை |
| மறைந்த செலவு | சாக்கெட் இளகுவது | புழுதி, இட அடைப்பு | வயர், ரிலே, பிராக்கெட், கூலி | எண்ணெய், பெல்ட், வால்வு |
| உள்ளூரில் பழுது பார்ப்பது | தூக்கிப் போடு | எளிது | உதிரி பாகம் தேட வேண்டும் | மெக்கானிக்கே செய்வார் |

## சரி, யாருக்கு எது?

மாதம் ஒருமுறைகூட மண்ணில் இறங்காதவருக்கு லைட்டர் சாக்கெட் வகையும் ஒரு ஏர் கேஜும். மாதம் ஒன்றிரண்டு முறை போகிற, ஒரே வண்டிக்காரருக்குக் கிளிப் வகை. கூட்டத்தை அழைத்துப் போகிறவர், ஏர் லாக்கர் போட்டவர், ஐந்தாறு வருடம் அதே வண்டியை வைத்திருக்கப் போகிறவர் ஆகியோருக்குப் பொருத்திய கம்ப்ரசர். அதிலும் ஒற்றைக்கும் இரட்டைக்கும் நடுவே தடுமாறினால், இரட்டையின் விலை வித்தியாசத்தில் ஒற்றைக்கு முதல் தரமான வயரிங்கே செய்துவிடலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒடிசலான வயரில் இரட்டை மோட்டாரைவிட, தடித்த வயரில் ஒற்றை மோட்டார் மேல்.

எதை வாங்கினாலும் சூடான டயரில் கணக்கைத் தளர்த்திக்கொள்ளுங்கள். மண் பாதை முடித்து மதிய வெயிலில் நிற்கும் டயரில் சரியாக 32 வைத்தால், மறுநாள் காலை ஆறியதும் 28, 29 காட்டும். ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ இறங்கும். மத்தியானம் 35 வைத்து, காலையில் சரிபார்த்துக்கொள்வது என் வழக்கம்.

இன்னொன்று. அமிர்தி, ஜவ்வாது மலையெல்லாம் பெரும்பகுதி ரிசர்வ் காடு. அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி இறக்கினால் வழக்கு. கிராமத்து மண் பாதை, சொந்த நிலம், தெரிந்தவர் தோப்பு ஆகிய இடங்களே நமக்கு ஏராளம்.

தம்பியிடம் கிளிப் வகையை வாங்கச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே நான்கு டயரையும் 18-க்கு இறக்கி, போனில் நேரம் வைத்து ஏற்றிப் பார்க்கவும் சொன்னேன். மலையில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா. மதியம் படம் அனுப்பினான்: கம்ப்ரசர், ரப்பர் மேட், வியர்த்து வழிகிற அவன், கீழே '16 நிமிடம் அண்ணா'. படத்தில் பின்கதவு ஸ்டெப்னியின் வால்வு மூடி திறந்தே இருக்கவில்லை. அதில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: 19.